பாதியில் வைத்த குமிழ்கள்

தேவானந்தத்திடம் எதைக் கொடுத்தாலும் நடுவில்தான் வைப்பார். மின்விசிறி மூன்றில் ஓடும். தேவாலயத்தில் நடு பெஞ்சு. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்த காலத்தில், பேராசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து முறைத்துக்கொண்டபோது, இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து காபி குடித்த ஒரே ஆள் அவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துணிந்தவர் என்றும் யாரும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் இந்தச் சோதனை வந்தது. மனைவி ஞானஜோதி பக்கவாதத்தில் விழுந்து, சிட்லபாக்கம் வீட்டின் முன்னறையில் கட்டிலோடு கிடந்தாள். பேச்சு போய்விட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கண் திறந்திருக்கும், எதைப் பார்க்கிறது என்று தெரியாது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஜெரூஷா, அந்தப் பக்கமே ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பேசி முடித்துவிட்டாள்.

"உங்க முதுகே போயிடுச்சுப்பா. அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க முடியல உங்களால. அங்க நர்ஸ் இருக்காங்க, நல்லா பாத்துப்பாங்க," என்றாள், கட்டிலின் காலடியில் நின்றுகொண்டே. "அம்மாவுக்கு இது எந்த இடம்னே தெரியாது. கஷ்டமெல்லாம் நமக்குத்தான்."

தேவானந்தம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஆமா, அவளுக்கு என்ன தெரியப்போகுது," என்று முனகினார். ஜெரூஷா அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள். வேறெப்படி எடுத்துக்கொள்வாள், பாவம்! ஞாயிறு சாயங்காலம் வண்டி வருவதாக ஏற்பாடாயிற்று.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குப் புரிகிறது என்பதற்கு ஒரே ஒரு அடையாளம் கிடைத்தால் போதும், அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அடையாளம் இல்லாமல் சொல்லும் தைரியம் அவருக்குக் கிடையாது.

பழகிய பாட்டு சில பேரை எழுப்பும் என்று, கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லியிருந்தாள். ஞானஜோதி சபைப் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆல்டோ பாடியவள். மெட்டைப் பாடும் குரலுக்கு அடியில் இழைந்து வரும் பெண் குரல் அது. கடைசியாக அவள் பாடிய அறுப்பின் பண்டிகை ஆராதனையை, சபையில் மைக் பார்த்துக்கொள்ளும் ஜெஃப்ரி பதிவு செய்து வைத்திருந்தான். அதை நல்லபடியாகக் கேட்க வைக்கவேண்டும் என்று தேவானந்தம் சாமான்களை வாங்கிக் குவித்தார். லேப்டாப்பில் இருப்பதைப் பாட்டாக மாற்றித் தரும் டாக் என்கிற சின்னப் பெட்டி, அதிலிருந்து வாங்கிச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ப்ரீஆம்ப், இரண்டு ஸ்பீக்கர்கள். இரண்டு பெட்டியிலும் வால்யூம் குமிழ் இருந்தது. மனிதர் என்ன செய்வார்? டாக்கைப் பாதிக்கும் கீழே இறக்கினார், ப்ரீஆம்ப்பைப் பாதியில் நிறுத்தினார். நோயாளி இருக்கிற வீட்டில் ஜெபத்தைக்கூடத் தணிந்த குரலில் செய்கிற வழக்கம் அவர்களுடையது.

தினமும் அந்தப் பாட்டுதான் ஓடியது. சத்தம் போதவில்லை என்று ப்ரீஆம்ப்பை ஏற்றினால், அடுப்பில் எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சல் கூடவே ஏறியது. அந்த இரைச்சலுக்கு மேலே மெட்டு மட்டும் மெலிசாகக் கேட்டது. ஞானஜோதி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

ஞாயிறு வந்துவிட்டது. அவர் தேவாலயத்துக்குப் போகவில்லை. கட்டிலருகே முழங்காலிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜோதி, ஒரு விரலையாவது அசைம்மா. எனக்காக." கை ஈரத்துணி போலக் கிடந்தது. அவர் வாய்விட்டு அழுதார். பிறகு, ஆராதனை முடிந்திருக்கும் என்று தெரிந்ததும் ஜெஃப்ரிக்குப் போன் போட்டார்.

"ஒரே இரைச்சலா வருதுப்பா."

"டாக் எவ்வளவுல வச்சிருக்கீங்க அங்கிள்?"

சொன்னார். அந்தப் பக்கம் ஜெஃப்ரி தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"மாடித் தொட்டி வால்வை மூடிட்டு, கீழ குழாயை முழுசா திறந்தா காத்துதான் அங்கிள் வரும். முதல்ல ப்ரீஆம்ப்பை ஜீரோ பண்ணுங்க. டாக்கை ஃபுல்லா ஏத்துங்க. அப்புறம் ப்ரீஆம்ப்பை மெதுவா ஏத்திக்கிட்டே வாங்க. கடைசி ஆமென்தான் இருக்கறதுலயே சத்தமான இடம். அங்க கரகரன்னு உடைஞ்சா, உடையாத வரைக்கும் டாக்கைக் கொஞ்சமா இறக்குங்க. அதோட டாக்கைத் தொடாதீங்க. கூட்டறது குறைக்கறது எல்லாம் ப்ரீஆம்ப்லதான்."

ஒரு பொருளை முழுசாக ஏற்றுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. ஏற்றினார். கடைசி ஆமென் கரகரவென்று உடைந்தது. டாக்கைச் சற்று இறக்கி மறுபடி போட்டார், பிறகு இன்னும் சற்று இறக்கினார். உடைசல் நின்றது. பாட்டை முதலிலிருந்து வைத்தார்.

இரைச்சல் போயிருந்தது. மெட்டுக்கு அடியில், அவர் இதுவரை காது கொடுத்தே கேட்டிராத ஒரு குரல் வரிசை தெளிவாக வந்தது. இத்தனை வருஷம் ஆல்டோக்காரியோடு குடும்பம் நடத்திவிட்டு, அவர் எப்போதும் மெட்டை மட்டுமே கேட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

பாட்டின் கடைசியில் ஆமென் வந்தது. மற்றக் குரல்கள் மேலே ஏறின, ஆல்டோ ஒரே சுரத்தில் நின்றது. அப்போது ஸ்பீக்கர் இல்லாத பக்கத்திலிருந்தும் அதே சுரம் கேட்டது. கரகரத்த, கோணிய வாயிலிருந்து வந்த முனகல். தேவானந்தம் பாய்ந்து போய்ப் பாட்டை நிறுத்தினார். முனகல் நிற்கவில்லை. தன் பங்கை இறங்கவேண்டிய இடத்தில் இறக்கி, முடிக்கவேண்டிய இடத்தில் முடித்தது.

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!" என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கு ஓடினார். தலைகால் புரியாத சந்தோஷம். அவள் முகத்தைக் கையில் ஏந்திய பிறகுதான் மற்றது உறைத்தது. இவள் இங்கேயேதான் இருந்திருக்கிறாள். கட்டிலின் காலடியில் பேசியது எல்லாம் இவள் காதில் விழுந்திருக்கிறது.

அன்று காலையிலேயே வந்து பின்னறையில் அம்மாவின் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜெரூஷா, பையோடு ஓடிவந்தாள். "என்னப்பா சத்தம்?"

"அம்மா பாடினா. வண்டி வேண்டாம்னு சொல்லிடு." அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு உரக்க எழுந்ததில்லை. "அவ எங்கயும் போகமாட்டா. எல்லாம் கேட்டுட்டுதான் இருந்திருக்கா ஜெரூ. நாம பேசினது எல்லாம்."

ஜெரூஷா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"ஜோதி," என்றார் தேவானந்தம். "அன்னைக்கு நான் சொன்னதும் கேட்டுச்சா?"

ஞானஜோதியின் கண் கூரையிலிருந்து இறங்கி அவர் முகத்தில் நின்றது. நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெல்ல, மிகுந்த பிரயாசைப்பட்டு, தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.