ஜி. ரேவதி, எம். ரேவதி ஆனது

பெயர் மாற்ற விளம்பரங்களைப் பத்திரிகைக்கு வாங்கித் தருகிறவனிடம் யாரும் ஆசையாக வருவதில்லை. ஏதோ ஓர் அலுவலகம் விரட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று என்று அலைந்திருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தங்கவயலில் என் மேஜைக்கு வந்தவர்களில் ரேவதியின் விஷயத்தை மட்டும் கடைசிவரை தொடர்ந்து போனேன்.

மாற்ற வேண்டியது

ரேவதிக்கு இங்கே ஊரிகத்தில் வீடு, பெங்களூரில் வேலை, தினமும் ரயில். அப்பா முனுசாமிக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆபீஸ் இன்சூரன்சில் பெற்றோரைச் சேர்க்கலாம். ஆனால் ரேவதியின் சான்றிதழ்களில் அப்பா என்று இருப்பது பெரியப்பா கோவிந்தசாமி. இதெல்லாம் தெரியாமல், "கல்யாணமா, நியூமராலஜியா?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"எம் பேரு அப்படியே இருக்கட்டும் சார். அப்பாவைத்தான் மாத்தணும்."

ஆஸ்பத்திரி கார்டு

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கம்பெனி ஆஸ்பத்திரி கம்பெனி ஆட்களின் குடும்பத்துக்குத்தான். முனுசாமி கான்ட்ராக்டரிடம் சுரங்கத்துக்கு மரம் தூக்கியவர். அந்தக் கணக்கில் வரமாட்டார். அண்ணன் கோவிந்தசாமி ஷாஃப்ட் வழியாகப் பூமிக்குள் இறங்கிய நிரந்தரத் தொழிலாளி. பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறியதும், தன் மகள் என்று கார்டில் சேர்த்து உள்ளே தூக்கிப் போய்விட்டார். பிறகு பள்ளிக்கூடமும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டது. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இது புதுசில்லை. அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த வீடு.

"ஸ்கூல்ல அவர் பொண்ணு, வீட்ல இவர் பொண்ணு. தப்பு பண்ணா ரெண்டு வீட்லயும் அடி விழும் சார்."

விளம்பரம் வந்த காலை

பத்திரிகையை மடித்துக் கையில் பிடித்தபடி கோவிந்தசாமியே வந்து நின்றார். சண்டைக்குத்தான் என்று நினைத்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"எம் பேர எடுக்கறதுன்னு ஆயிப்போச்சு, கொஞ்சம் பெரிய எழுத்துல போடக் கூடாதா? டீக்கடைல ஒருத்தனுக்கும் கண்ணு தெரியல!"

லைன் வீடு

விளையாட்டு அங்கேயே முடிந்தது. அப்பா பெயரை மாற்ற விளம்பரம் மட்டும் போதாது, கேஸ் போட்டு, 'இவள் என் மகள் இல்லை' என்று கோவிந்தசாமி கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் ரேவதியின் வக்கீல். கிழவர் மாட்டேன் என்றுவிட்டார். இருப்பது கம்பெனி லைன் வீடு. கம்பெனியிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களாம். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறதே என்று வக்கீல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுரங்கம் போனாலும் அந்தப் பயம் மட்டும் இங்கே யாருக்கும் ரிடையர் ஆகவில்லை.

அண்ணன் வீட்டுக்கு ஆபத்து என்றால் ஆபரேஷனே வேண்டாம், தடி போதும் என்றார் முனுசாமி. மறுநாள் காலை குழாயடிக்குப் போனவர் பாதி வழியில் வலி தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தசாமி வாசலில் நின்று பார்த்தாராம். பிறகு நடந்ததை ரேவதிதான் சொன்னார்: அண்ணன் போய்த் தம்பியைத் தூக்கி நிறுத்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறார்.

"வூடு போனா உன் வூட்டுல வந்து படுத்துக்கறேன்டா. நீ இன்னாத்துக்குப் பயப்படற?"

சாட்சி

கூண்டின் கம்பியை விடாமல் பிடித்திருந்தார் கோவிந்தசாமி. கேள்வி கன்னடத்தில் வந்தது: அன்றைக்குப் பொய்யா சொன்னீர்கள்? அவர் கன்னடத்தில்தான் ஆரம்பித்தார். பாதியில் தமிழுக்கு வந்துவிட்டார். நீதிபதி அம்மா தடுக்கவில்லை. வீட்டைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. சில மாதங்களில் தீர்ப்பு ரேவதி பக்கம் வந்தது.

"ஆமாம்மா, பொய்தான். கொயந்த ஒடம்பு நீலமாயிடுச்சு. நெசத்த சொல்லியிருந்தா, இன்னிக்கு இந்தக் கேசு போட அவ இருந்திருக்க மாட்டா."

அட்மிஷன்

இன்சூரன்ஸ் அனுமதி வந்து, பெங்களூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நாள். நானும் போயிருந்தேன். "ரேவதி மேடம் ஃபாதர் யாரு? உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டார். முனுசாமி தடியை ஊன்றி எழுவதற்குள் கோவிந்தசாமி எழுந்து கதவுவரை போய்விட்டார். அங்கே போய்த்தான் நினைவு வந்து திரும்பினார்.

"இன்னா பண்றது கண்ணு, பழக்கம்."

முனுசாமி இப்போது தடியில்லாமல் நன்றாகவே நடக்கிறார், பெரும்பாலும் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போவதற்காக.