அப்பா சொல்ல மறுத்த பெயர்

ஆடி அமாவாசை வந்தால் எங்கள் வீட்டில் ஒரு சங்கடமும் கூடவே வரும். தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நாள் அது. ஐயர் மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார். அப்பா தன் தகப்பனின் பெயரைக் கணீரென்று சொல்லுவார். அடுத்ததாகத் தகப்பனின் தகப்பன், அதாவது அப்பப்பாவின் பெயரைக் கேட்டதும் வாயைப் பூட்டிக்கொள்வார். ஐயர் ஏதாவது ஒரு தெய்வத்தின் பெயரைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார். யாழ்ப்பாணத்தில் இருந்தபோதும் அப்படித்தான். எண்பதுகளின் கடைசியில் லண்டன் கிங்ஸ்பரியில் என்னோடு இருக்க வந்த பிறகும் அப்படித்தான்.

பெயர் தெரியாமல் இல்லை. அப்பாவின் அப்பப்பா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் துரை. ஸ்கொட்லாந்தில் இருந்து வந்தவர். கொழுந்து பறித்த ஒரு பெண்ணோடு வாழ்ந்து, ஓர் ஆண்பிள்ளைக்குத் தகப்பனாகி, பிறகு காணாமற்போனார். காய்ச்சலில் செத்தார் என்று சிலர் சொன்னார்கள். கப்பலேறி ஓடினார் என்று வேறு சிலர் சொன்னார்கள். பிள்ளையைப் பாதிரிமார் வளர்த்துப் படிப்பித்தார்கள். அவர் உத்தியோகம் கிடைத்து யாழ்ப்பாணம் வந்து, ஒரு சைவ வீட்டில் பெண்ணெடுத்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டார். என்ன பூசி என்ன, ஊர்வாயை மூட முடியுமா? பூனைக்கண்ணோடு பிறந்த என் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் ‘ஓடிப்போன துரையின்ர பேரன்’ என்றே கூப்பிட்டார்கள். அந்தத் தோட்டத்துப் பெண்ணைப் பற்றி எங்கள் சனம் பேசியதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு விரத நாளில், கோயிலால் வந்து சாப்பிட இருக்கும்போது அப்பா வாயைத் திறந்தார்.

“செத்தவன் எண்டால் பேரைச் சொல்லுவன். பிள்ளையை விட்டிட்டு ஓடினவனுக்கு ஏன் எள்ளும் தண்ணியும்? நீ லண்டனில இருக்கிறாய். எது உண்மையெண்டு பார்த்துச் சொல்லு, பிள்ளை.”

எழுபது வயதைத் தாண்டிய மனிதர் முதன்முதலாக என்னிடம் கேட்ட உதவி அது. நான் அடுத்த சனிக்கிழமையே இறங்கினேன்.

கையில் இருந்தது ஒரேயொரு கடதாசி. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்குத் தோட்டத்துத் தேவாலயத்தின் உபதேசியார் எழுதிக் கொடுத்த ஆங்கிலத் துண்டு. உடுப்புகளைக்கூட விட்டுவிட்டு வந்த அப்பா, அதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பிள்ளையின் பெயர், தாயின் பெயர், தோட்டத்தின் பெயர், தகப்பன் என்ற இடத்தில் இரண்டு சொற்களில் ஒரு பெயர்.

அதில் இரண்டாவது சொல்லைத் துரையின் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ஒன்றரை வருடம் தேடினேன். உயில்கள் பதிந்த பெரிய புத்தகங்களைக் கை நோகத் தூக்கிப் பார்த்தேன். பழைய பத்திரிகைகள் சேர்த்து வைத்திருந்த நூலகத்தில் மைக்ரோபிலிம் சுற்றிச் சுற்றிக் கொழும்புத் துறைமுகத்துப் பயணிகள் பட்டியல்களை வாசித்தேன். அந்தக் குடும்பப் பெயரில் ஒருவரும் கப்பல் ஏறவில்லை, ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் பிறந்ததாகக்கூடத் தெரியவில்லை. இலங்கைத் தோட்டங்களின் பழைய விபரக்கொத்து ஒன்றில் எங்கள் தோட்டம் இருந்தது. ஆனால் ஞானஸ்நானம் நடந்த வருடத்துத் துரையென்று வேறு யாரோ ஒருவருடைய பெயர் போட்டிருந்தது. இவர் எங்கள் ஆள் இல்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ‘அவன் பெயரும் பொய்தான்போல’ என்று அப்பா சொன்னபோது எனக்கும் அப்படித்தான் பட்டது.

பிறகு ஒருநாள் அப்பாவைக் கண் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புதிதாக வந்த நேர்ஸ், அன்பாகக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு, பைலில் இருந்த முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்பா அசையவில்லை. மூன்றாம் முறையும் கூப்பிட்டாள். “அவள் என்ர அப்பாவையெல்லோ கூப்பிடுறாள். அவர் செத்து நாற்பது வருஷம்” என்றார் அப்பா.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பழைய கடதாசி நினைவுக்கு வந்தது. நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் வைத்து எங்கள் பெயரைப் பின்னால் எழுதுகிற ஆட்கள். அந்தக் கடதாசியை எழுதிய உபதேசியாரும் தமிழர்தானே! தமிழன் எழுதிய கடதாசியை நான் வெள்ளைக்காரிபோல வாசித்திருக்கிறேன். முதலாவது சொல், துரையின் தகப்பன் பெயர். இரண்டாவதுதான் துரையின் சொந்தப் பெயர். குடும்பப் பெயர் அதில் இல்லவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த விபரக்கொத்தைத் திரும்ப எடுத்தேன். நான் தள்ளிவிட்ட துரையின் முதற்பெயர் அதேதான், பக்கத்தில் அவருடைய குடும்பப் பெயரும் இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. எனக்கு நானே இரண்டு அறை போட்டிருப்பேன், நூலகமாகிப் போய்விட்டது.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று வந்தது. ஞானஸ்நானம் நடந்து ஐந்து மாதத்தில் அவர் கப்பலேறியது ஒரு பயணிகள் பட்டியலில் இருந்தது. எடின்பரோவுக்கு எழுதிக் கேட்ட மரணச் சான்றிதழும் தபாலில் வந்தது. அதில் தகப்பனின் பெயர் எங்கள் கடதாசியில் இருந்ததேதான். ஆளும் அவரேதான். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் உயிரோடு இருந்திருக்கிறார். ஒருநாளும் திரும்பி வரவில்லை.

ஓடித்தான் போயிருக்கிறார்.

அந்தச் சான்றிதழைப் பத்து நாள் என் கைப்பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். காய்ச்சலில் செத்தார் என்று ஒரு பொய் சொன்னால் என்ன? அப்பா நிம்மதியாகப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் அவரிடம் ஒருநாளும் பொய் சொல்லிப் பழகாத வாய் இது. பதினோராம் நாள் தேத்தண்ணியோடு இரண்டு கடதாசிகளையும் அவர்முன் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர், ஒரு கட்டத்தையும் விடமாட்டார். கலியாணம் முடிக்காதவர் என்று ஒரு கட்டத்தில் இருந்தது. மரணத்தை அறிவித்தவர் அவர் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரர் என்று இன்னொன்றில் இருந்தது. அந்த இடத்தை விரலால் தொட்டுத் திரும்பவும் வாசித்தார். பிறகு பழைய கடதாசியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“துரையின்ர தகப்பன்ர பேர் அந்த உபதேசியாருக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒன்றரை வருடம் அந்தப் பெயரோடு மாரடித்தவள் நான்.

“அவர்தான் சொல்லியிருக்க வேணும். அவ்வளவு சனத்துக்கு முன்னால பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டு, நான் தகப்பன், இது என்ர தகப்பன்ர பேர் எண்டு சொல்லியிருக்கிறார்.” சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, “விட்டிட்டுப் போனது பிழைதான். அது பிழைதான்” என்றார்.

அதுவரைக்கும் ‘அவன்’ என்றே சொல்லிவந்தவர் அன்றைக்கு ‘அவர்’ என்றார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

அந்த வருட ஆடி அமாவாசைக்கு லண்டனில் நல்ல மழை. கோயில் மண்டபத்தில் நிரையாக இருந்தவர்களுக்குள் அப்பாவும் தர்ப்பை போட்டுக்கொண்டு இருந்தார். நான் சுவரோடு நின்றேன். ஐயர் வந்து பெயர்களைக் கேட்டார். அப்பா தன் தகப்பனின் பெயரைச் சொன்னார். அடுத்து அந்த ஸ்கொட்லாந்துப் பெயரைச் சொன்னார். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். மந்திரத்துக்குள் அதைப் பொருத்தப் பார்த்து நாக்குத் தடக்க, பெயரைப் பாதியில் விழுங்கிவிட்டு மேலே போனார்.

அப்பா தண்ணீர் விடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

“ஐயா, திரும்ப ஒருக்கா வடிவாச் சொல்லுங்கோ. அவர் என்ர அப்பப்பா.”