இரும்பை வாசலில் வைத்துவிட்டு

சனிக்கிழமை, காலை 8.40. மெல்பனுக்கு வருகிறவர்கள் பெங்குவின் பார்க்கப் போவார்கள். கடலோரச் சாலையில் காரை நிறுத்திப் பாறைகளோடு படம் எடுத்துக்கொள்வார்கள். நான் வெடிமருந்துக் கிடங்கு பார்க்கக் கிளம்பினேன். சிவகாசிப் பட்டாசு ஆலையில் முப்பத்தொரு வருடம் போர்மேனாக இருந்தவனுக்குப் புத்தி வேறு எங்கே போகும்? என் மருமகள் சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. அக்கம்பக்கத்தாரிடம் அவன் என்னை ‘மேனேஜர்’ என்று சொல்லி வைத்திருக்கிறான்.

அவன் இருப்பது மெல்பனின் மேற்கு ஓரத்தில், ட்ருகனினாவில். ஒரு பக்கம் புது வீடுகள், மறுபக்கம் விமானம் நிறுத்துகிற அளவுக்குக் கிடங்குகள். அப்படி ஒரு கிடங்கில் பொருள்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்கிறவர் சுகந்தி. பக்கத்து வீட்டின் பின்னறையில் குடியிருக்கிறார். கிளிநொச்சிக்காரர், நாற்பது வயதிருக்கும், படகில் வந்தவர். அன்று அவருக்கு விடுமுறை என்பதால் தானே காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.

9.10. மேற்குப் புறவழிச் சாலை. ஃபுட்ஸ்கிரே வரை இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பின் இருக்கையில் ஒரு நீல நிறக் கோப்பு கிடந்தது. அடுத்தவர் வீட்டுக் கடிதத்தை உறை பிரிக்காமலே படிக்கத் துடிக்கும் ஜாதி நான், என்னவென்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை வக்கீலைப் பார்க்க வேண்டுமாம். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவிலேயே காலம் ஓடுகிறது. நிரந்தரமாக இருப்பதற்கு இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. அதற்கான படிவத்தில், பதினெட்டு வயது முதல் எங்கே என்ன வேலை செய்தீர்கள் என்று வருடவாரியாக எழுத வேண்டும். எல்லாம் எழுதியாயிற்று, போர் முடிந்த பிறகு வந்த இரண்டு வருடங்களைத் தவிர.

“அந்த ரெண்டு வருசமும் வீட்டிலதான் இருந்தனான் எண்டு எழுதப்போறன், அங்கிள்” என்றார் சாலையைப் பார்த்தபடி. வீட்டில் இருந்ததை எழுத எதற்கு இத்தனை யோசனை என்று கேட்க வாய் வந்தது. எப்படியோ அடக்கிக்கொண்டேன்.

9.45. ஃபுட்ஸ்கிரேயில் வியட்நாம்காரர் கடையில் இறைச்சி வைத்த நீள ரொட்டி, ஒன்று ஒன்பது டாலர். சந்தையும் மீன்வாடையுமாக இருக்கும் இந்த ஊரில்தான் நூறு வருடங்களுக்கு முன் துப்பாக்கித் தோட்டா செய்தார்கள். முதல் உலகப் போருக்குப் போன படைகளுக்கு இங்கிருந்து பெட்டி பெட்டியாகப் போயிருக்கிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவையும் விரலால் உருட்டிப் பழுது இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். எங்கள் ஊரில் சரவெடிக்குத் திரி பின்னும் பெண்கள் கண்முன் வந்தார்கள்.

10.30. மரிபிர்னாங் ஆற்றங்கரை. வெடிமருந்துக் கிடங்கு ஆண்டில் சில நாட்கள்தான் திறக்கிறது. கட்டணம் பதினைந்து டாலர். கருங்கல் கட்டிடம், அதைச் சுற்றிலும் கட்டிடத்தின் உயரத்துக்கு மண்மேடு. வெடித்தால் வேகம் வானத்தைப் பார்த்துப் போகட்டும், அக்கம்பக்கம் பிழைக்கட்டும் என்ற கணக்கு. ஆற்றிலிருந்து ஒரு சிறு கால்வாய் வெட்டிப் படகை வாசலுக்கே வரவழைத்திருக்கிறார்கள். இதைக் கட்டியவனோடு நான் அரை மணி நேரம் தாராளமாகப் பேசியிருப்பேன்.

வழிகாட்டியின் பெயர் மார்கரெட். ஓய்வுபெற்ற நர்ஸ், சம்பளமில்லாமல் வருகிறவர். நாங்கள் பதினான்கு பேர். வாசலில் ஒரு மரப்பெட்டியும் பெரிய பதிவேடும் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் தொழிலாளிகளைச் சோதித்து அனுப்பியது போல் எங்களையும் அனுப்புவாராம். பெயர், தொழில், ஒப்படைத்த பொருள் ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். தீப்பெட்டி, சாவி, இரும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது. வெறும் விளையாட்டுதான். ஆளுக்கொரு சாவியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

சுகந்தி தொழில் என்ற இடத்தில் ‘பேக்கர்’ என்று எழுதினார். பிறகு பெட்டியின் முன் நின்றார். கூந்தலிலிருந்து நான்கு கிளிப். இரண்டு தோடு. சங்கிலி. கைக்கடிகாரம். சட்டைக் கழுத்தின் உட்புறத்தில் யாருக்கும் தெரியாமல் குத்தியிருந்த ஊசி. இடுப்புப் பட்டை. தொலைபேசி. கடைசியில் பைகளை வெளியே இழுத்து உதறி, இரு உள்ளங்கைகளாலும் தலையிலிருந்து கணுக்கால் வரை தன்னைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மார்கரெட் கைதட்டினார்.

நான் தட்டவில்லை. தினமும் காலையில் வாசலில் நின்று ஆட்களைச் சோதித்தவன் நான். முதல் நாள் வருகிறவள் எதைக் கழற்றுவது என்று தெரியாமல் வளையலைத் தேடுவாள். உச்சியில் தொடங்கிப் பாதத்தில் முடிப்பவள், அதையே நூற்றுக்கணக்கான நாட்கள் செய்தவள். வீட்டில் சும்மா இருந்தவளுக்கு இது வராது.

அதே நேரம் அவர் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். செருப்பில்லை, காலுறையில்லை. வாசற்படியைக் கண்டதும் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். எங்கள் ஆலையில் வெடிமருந்து அறைக்குள் வெறுங்காலோடுதான் போவோம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மெல்பன் குளிரில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நின்ற ஒரே பைத்தியம் நான்தான்.

11.00. உள்ளே வளைவுக் கூரை, தடித்த சுவர், மங்கிய வெளிச்சம். மார்கரெட் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆற்றின் மேல்புறத்தில் கார்டைட் என்ற தோட்டா மருந்து செய்தார்கள். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, நைட்ரோகிளிசரினோடு மாவாகப் பிசைந்து அச்சில் பிழிவது. இடியாப்பம்தான். காய்ந்ததும் அந்த இழைகளை நறுக்கித் தோட்டாவுக்குள் வைப்பது. ஆனால் போரில் ஆட்கள் மண்ணுக்குள் பதுங்குகுழி தோண்டி இறங்கிவிட்டார்கள். நேராகப் போகும் தோட்டா குழிக்குள் எட்டிப் பார்க்காது; கையால் எறிய ஒன்று வேண்டும். துருக்கியின் கலிப்போலியில் ஆஸ்திரேலியர்களிடம் அது போதுமான அளவு இல்லை. தின்று முடித்த ஜாம் டப்பாக்களைப் பொறுக்கி, வெடிமருந்தும் முள்கம்பித் துண்டுகளும் அடைத்து, திரி வைத்துக் கடற்கரையிலேயே குண்டு செய்தார்கள். அப்படி ஒரு டப்பாவின் மாதிரியை மார்கரெட் கைமாற்றிக் கொடுத்தார்.

எல்லோரும் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்கள். சுகந்தி வாங்கவில்லை. தரையில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டி, முழங்காலிட்டு, தொடாமல் சுற்றிலும் பார்த்தார்.

“எங்கட பக்கம் மீன்ரின்னில செய்திருந்தவை. அதையும் எடுத்திருக்கிறன்” என்றார் டப்பாவைக் காட்டி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போனார்கள். நாங்கள் அங்கேயே நின்றோம். போர் முடிந்த பிறகு, போர்முனையாக இருந்த முகமாலையில் இரண்டு வருடம் மிதிவெடி அகற்றும் வேலை பார்த்தாராம். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை. தலைக்கவசம் போட்டு, வெயிலில் மண்டியிட்டு, ஒரு நாளைக்குச் சில அடி நிலம். காலையில் தோடு, கிளிப், ஊசி எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு ஊசி இருந்தாலும் இரும்பைத் தேடும் மெசின் கத்தும்.

இவ்வளவு நல்ல வேலையை ஏனம்மா மறைக்கிறாய் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று உறைத்தது.

“படகால இறங்கின அண்டைக்கே விசாரிச்சவை. வெடிமருந்தில கை வச்சனான் எண்டு சொன்னா, ஆரின்ர வெடிமருந்து எண்டுதானே கேப்பினம்? பயத்தில வீட்டு வேலை எண்டு சொல்லிப்போட்டன். இப்ப மாத்திச் சொன்னா பொய்க்காரி எண்டுவினம். சொல்லாட்டி நான் செய்த ஒரே பெரிய வேலை இல்லையெண்டு போயிடும்.”

எழுது என்று நான் எப்படிச் சொல்வது? விசா கிடைக்காமல் போனால் நானா அவரோடு போகப்போகிறேன்? என்னைப் பற்றி மட்டும் சொன்னேன். நான் மேனேஜர் இல்லை, போர்மேன். என் பொறுப்பில் இருந்த கட்டிடத்தில் ஒரு முறை விபத்து நடந்தது. அதற்கு மேல் அவரிடமும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. அவர் தலையசைத்தார், தொழில் தெரிந்தவர்கள் அசைப்பது போல.

12.15. பொருள்களைத் திரும்ப வாங்கப் பதிவேட்டில் மறுபடி கையெழுத்திட வேண்டும். சுகந்தி பேனாவோடு ‘பேக்கர்’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையெழுத்தை மட்டும் போட்டார். தோட்டை மாட்டவில்லை, கையிலேயே பொத்திக்கொண்டு காருக்கு வந்தார்.

புதன்கிழமை, பிற்பகல் 2.00. நான் ஊர் திரும்பும் நாள். ட்ருகனினாவிலிருந்து விமான நிலையம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். மகனுக்கு ஆபீஸில் கூட்டம். சுகந்திதான் கொண்டுவந்து விட்டார். பெட்டியை இறக்கி வைத்த பிறகு, வக்கீல் என்ன சொன்னார் என்று மெதுவாகக் கேட்டேன். முகமாலை வேலையை அவரிடம் சொல்லிவிட்டாராம். இது விசாவைச் சிக்கலாக்கும், முதல் விசாரணையில் சொன்னதை ஏன் மாற்றுகிறீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள் என்றாராம் வக்கீல். அப்படியும் சுகந்தி அந்த இரண்டு வருடத்தை எழுதியிருக்கிறார். பயிற்சிச் சான்றிதழைத் தங்கை ஊரிலிருந்து படம் பிடித்து அனுப்பினாளாம்.

நான் வாயை மூடிக்கொண்டு பெங்குவின் பார்க்கப் போயிருந்தால் இந்தப் பெண் நிம்மதியாக ‘வீடு’ என்று எழுதியிருப்பாள். அதையும் சொன்னேன்.

“நீங்கள் ஒண்டும் செய்யேல்லை, அங்கிள். அந்தப் பெட்டிக்கு முன்னால நிக்கேக்க என்ர கைதான் முந்திச் சொல்லிப்போட்டுது” என்றார்.

விமான நிலையச் சோதனை வரிசையில் எல்லோருக்கும் முன்பாகச் செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்தேன். ஃபுட்ஸ்கிரேயில் எத்தனை தோட்டா செய்தார்கள் என்று எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். சிவகாசியில் நான் அனுப்பிய சரவெடிக்கும் பதிவேடு உண்டு. அவை எங்கே போய் விழுந்தன, யார் மேல் விழுந்தன என்பதற்கு எங்களில் யாரிடமும் பதிவேடு இல்லை. பிரியும்போது சுகந்தியிடம் கடைசியாக ஒன்று கேட்டிருந்தேன், எத்தனை மிதிவெடி எடுத்தாய் என்று.

“நூத்திப்பதினேழு” என்றார். “ஒவ்வொண்டும் எந்த இடம் எண்டு இப்பவும் காட்டுவன்.”