தெருமுனையில் அணைத்த வண்டி

மாமாவின் பழைய மொபெட் இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. ஓட்டுவதற்கு எனக்கு ஆசை இல்லை, விற்கவும் மனம் வரவில்லை. ஒரு காலத்தில் இதன் சத்தம் கேட்டாலே மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாதா கோயில்காரர்கள் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். மாமா என் அம்மாவுக்கு அண்ணன். பண்ருட்டியில் முந்திரி மண்டியில் வேலை. மற்ற நேரத்தில், சாகக் கிடக்கிறவர்களின் காதில் ஜெபம் சொல்கிறவர். பங்குச் சாமியார் வந்து நெற்றியில் அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு மூச்சு இழுத்துக்கொண்டே கிடக்கும் நேரத்துக்கு மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குனிந்து, முதலில் "பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன்" என்பார். அப்புறம்தான் "சேசு, மரி, சூசை". தூங்காத பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி, அந்த மூன்று பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். மண்டியில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல் அங்கே மட்டும் எப்படித்தான் இளகுமோ தெரியாது.

நல்ல வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்கிற வாய்க்கு ஒரு பெயர் வந்துவிட்டது. கூட்டாளி ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று மாமா ரொட்டி பாக்கெட்டோடு பார்க்கப் போனார். அந்த வீட்டு அம்மா வாசலிலேயே மறித்துக்கொண்டார். "அண்ணே, அவருக்கு சாதா ஜொரம்தான். நீங்க வந்தது தெரிஞ்சா ரொம்ப பயந்துடுவாரு. அப்பறமா வாங்கண்ணே." ரொட்டியைக் கொடுத்துவிட்டு வந்தவர் எங்களிடம் சிரித்தார். "எமனுக்கு எருமை, எனக்கு மொபெட்டு!" அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்.

அவருக்கே முடியாமல் போனபோது சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாமி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. செம்மங்குப்பம் கம்பெனியில் ஷிப்டு முடித்து, பஸ்ஸில் நின்றபடியே தூங்கிக்கொண்டு தினமும் போய் வந்தேன். சாமியார் அவஸ்தை பூசியபோது மாமா ஜெபங்களுக்குத் தெளிவாகப் பதில் சொன்னார். "இது சொகமாவறதுக்கும் கொடுக்கறதுதாண்டா" என்று எனக்கு ஆறுதல் வேறு. ஆனால் காதில் சொல்வது அப்படி இல்லை. அது கடைசிக்கு மட்டும். ஊரில் வேறு யாரையாவது ஏமாற்றலாம், அவரை எப்படி ஏமாற்றுவது?

ஒரு சாயங்காலம் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். திறக்காவிட்டால், ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விடுவார். பஸ்ஸில் கூட்டம் என்றேன். பண்ருட்டியில் பலாப்பழம் ஜாஸ்தியாக வந்திருக்கிறது, விலை இறங்கிவிட்டது என்றேன். நான் பார்க்கவே இல்லாத பழத்தைப் பற்றி அவ்வளவு பேசினேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் விரலை அசைத்துக் கூப்பிட்டார்.

"பலாக்கதை போதும் மாப்ளே. காத இப்பிடி குடு."

குனிந்தேன். மூச்சு முட்ட முட்டச் சொன்னார். "பயப்படாத. நான் கூடவே இருக்கேன்."

அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டேதான் அந்த மூன்று பெயரையும் அவர் காதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் உதடும் கூடவே அசைந்தது. அசைவது நின்ற பிறகும், நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். மாமாவிடம் கற்றவன் என்று நினைப்பு. அந்தக் குரல் எனக்கு இல்லை, நம்பிக்கையும் அவ்வளவு இல்லை. ஷிப்டு முடிந்து வந்தால் கால் கடுக்கிறது, வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. போன வாரமும் போன் வந்தது. போனேன். தெருமுனையில் மொபெட்டை அணைத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. "பயப்படாத" என்று ஒருதரம் எனக்கே சொல்லிக்கொண்டு, வண்டியைத் தள்ள ஆரம்பித்தேன்.