சரக்கொன்றை நட ஏற்ற மாதம்

மலேசியாவின் தெற்கே கூலாயில் பள்ளி வேன் ஓட்டும் கஸ்தூரிக்கு நாற்பத்தாறு வயது. படுக்கையில் விழுந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போனது; பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. அப்பாவும் போனபின், வீட்டு முன்னால் ஒரு சரக்கொன்றை வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. செடெனாக் சாலையோரம் செடி விற்கும் காளிதாஸிடம் போனாள்.

அவர் ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். செடி வாங்க வருகிற எல்லாரும் அவரை அண்ணே என்பார்கள். கஸ்தூரிக்கு ஏனோ அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

“இப்ப வேணாங்க,” என்றார் அவர், இடுப்புயரக் கன்று ஒன்றைக் காட்டி. “பிப்ரவரி வெயில் தாங்காது. மழை ஆரம்பிக்கிறப்ப வாங்க.”

அக்டோபரில் போனாள்.

“உங்க பக்கம் களிமண்லா. வருசக் கடைசி மழையில தண்ணி நின்னா வேர் அழுகிடும். கொஞ்சம் பொறுங்க.” கன்றைப் பெரிய பைக்கு மாற்றினார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவளுக்குக் கோப்பி கலக்கினார்.

அதன்பின் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட காலைகளில் அவள் அடிக்கடி அங்கே போனாள். மரத்தைப் பற்றிக் கேட்பாள். அவர் வானத்தைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்பார். பேச்சு பிறகு வேறெங்கோ போகும்.

பக்கத்து வீட்டுப் பிரேமலா சிரித்தாள். “அலமாக்! நாங்க அக்டோபர்லயே வெச்சோமேக்கா. மண்ணைக் கொஞ்சம் மேடாக்கினாப் போதும்லா.”

கஸ்தூரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் போய், எப்போது நடலாம் என்று மறுபடியும் அவரிடமே கேட்டாள். அடுத்த அக்டோபரும் அப்படியே போனது. கன்று அதற்குள் அவள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது.

இந்த ஆண்டு பிப்ரவரியில் ஒருநாள் போனபோது, பாதிச் செடிகளைக் காணவில்லை.

“நிலத்தை வித்துட்டாங்க. டேட்டா சென்டர் வருதாம்,” என்றார் காளிதாஸ். “பையன் வடக்கே தைப்பிங்குக்குக் கூப்பிடறான். உங்க மரத்த எடுத்துக்குங்க.”

“வெயில் காலமாச்சே?”

அவர் மரத்தின் பையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

“போன அக்டோபர் நல்ல நேரம்தானே?” என்றாள் கஸ்தூரி.

“ஆமாங்க.” அவர் தரையைப் பார்த்தார். “அதுக்கு முந்தின அக்டோபரும்தான்.”

“எனக்கும் தெரியும்,” என்றாள் அவள்.

இருவரும் அதற்கு மேல் போகவில்லை. மறுநாள் அவரே லோரியில் மரத்தைக் கொண்டுவந்து, குழி வெட்டி, மண்ணை மேடாக்கி நட்டார். மேலே கறுப்பு வலை கட்டினார். காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். போகாதீங்க என்று ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டைத் திறந்துவிட்டாள், லோரி போய்விட்டது.

இரண்டே வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. படம் எடுத்து அனுப்பினாள். “பயப்படாதீங்க, தண்டைக் கீறிப் பாருங்க, பச்சையா இருக்கும்” என்று குரல் செய்தி வந்தது. கீறினாள், பச்சை இருந்தது. ஆனாலும் அந்தச் செய்தியை அவள் பலமுறை போட்டுக் கேட்டாள்.

ஏப்ரல் மழைக்கு மரம் துளிர்த்தது. தீபாவளிக்கு வருவதாகச் சொன்ன காளிதாஸ் வரவில்லை. முழங்கால் வலி, பஸ்ஸில் அவ்வளவு தூரம் முடியாது என்றார். தழை உரம் போடும் விதம் சொன்னார். அவள் சரி, சரி என்றாள். போனை வைத்தபின் வேனிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி விடுமுறை விட்டதும் பிரேமலாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

“எங்கக்கா?”

“தைப்பிங்.”

“அவருக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல.”

லார்க்கின் பஸ் நிலையத்தில் பஸ் கிளம்பும்போது நல்ல மழை. ஜன்னலோர இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று கஸ்தூரி யோசித்துக்கொண்டே போனாள்.