முட்டுக்காடு பாலத்தில் இறங்கிய பெடல்

ஃபியூஸ் என் கைப்பையில் இருந்தபோது, ஆக்ஸிலரேட்டர் பெடலை அழுத்தியது யார்?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் என் நான்கு வயது மகள் நிலாவும் கோவிலம்பாக்கத்திலிருந்து காரில் கிளம்பினோம். முதலில் தாம்பரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். அங்கிருந்து மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு கோவளம். அடுத்த வாரம் நான் கோவளத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர வேண்டும். நிலாவுக்கும் அங்கேயே எல்.கே.ஜி. தினமும் அவளை இந்தக் காரில் அழைத்துப் போகலாமா, கூடாதா? அது தெரியத்தான் இந்தப் பயணம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வண்டி. மறைமலை நகரில் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் ஆசைப்பட்டு வாங்கியது. அதில் க்ரூஸ் கண்ட்ரோல் உண்டு. ஸ்டீயரிங்கில் ஒரு பட்டனை அமுக்கினால், காலை எடுத்தாலும் வண்டி அதே வேகத்தில் ஓடும். பெடல் தானாக ஏறி இறங்கும். "பேய் மாமா ஓட்டுறாரு பாரு" என்று நிலாவுக்குக் காட்டிச் சிரிப்பார். ஆயுத பூஜை முடிந்ததும் அவர் ஆறு மாத வேலையாக ஜப்பான் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு முறை, நான் எந்தப் பட்டனையும் தொடாமலே, காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. பிரேக்கைத் தொட்ட பிறகுதான் விட்டது.

எட்டு மணிக்குத் தாம்பரம். மெக்கானிக் தனசேகர் என் வயதுக்காரர். ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார்.

"இன்னாக்கா, வண்டி கொயந்த மாதிரி கீது. மேட்டு இடிச்சிருக்கும்" என்று கால்மிதியை எடுத்து டிக்கியில் போட்டார்.

"மேட்டு இல்லைங்க. நீங்க கூட வந்து பாருங்க."

மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வரை நெரிசல். வண்டி சாதுவாக வந்தது. நானே கற்பனை செய்துகொண்டேனோ என்று வெட்கமாக இருந்தது. ஈ.சி.ஆரில் சுங்கச்சாவடி தாண்டி அறுபதைத் தொட்டேன். சவுக்குத் தோப்புகள் முடிந்து முட்டுக்காடு பாலம் ஏறியபோது, பாதத்துக்கு அடியில் பெடல் மெல்ல நழுவியது.

"காலை எடுக்கா" என்றார் தனசேகர்.

எடுத்தேன். யாரும் மிதிக்காத பெடல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. முள் அறுபதிலேயே நின்றது. இருபுறமும் அசையாத தண்ணீர். பின்சீட்டில் நிலா கை தட்டினாள்: "பேய் மாமா!"

"பாப்பா, சும்மா இரு" என்றார் தனசேகர். அவர் குரல் மாறியிருந்தது.

பிரேக்கைத் தொட்டதும் விட்டது. ஒன்பதே முக்காலுக்குக் கோவளம் பஸ் நிறுத்தத்தருகே நிறுத்தினோம். மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "வண்டி பேஜார் பண்ணுதா? நெத்திலி கூறு இருபது ரூபா. வாங்கிக்கினு பஸ்ல போம்மா."

டாஷ்போர்டில் ஒரு குட்டிப் பச்சை விளக்கைத் தனசேகர் காட்டினார். "க்ரூஸோட மெயின் சுவிட்சை உங்க சார் அணைக்காமலே பூட்டாரு. நாப்பதுக்கு மேல போனாதான் இது வேலை செய்யும். அதான் தாம்பரத்துல ஒண்ணும் தெரியல. ஆனா பட்டனை யாரு அமுக்கனது?"

அப்போதுதான் கவனித்தேன்: ஒரு பட்டன் மட்டும் உள்ளே அமுங்கியே இருந்தது. விளிம்பில் காய்ந்த சந்தனம். ஆயுத பூஜையன்று நிலா ஒவ்வொரு பட்டனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். கடைசியாகக் குனிந்து, பேய் மாமாவுக்கு என்று பெடலுக்கும் ஒரு பொட்டு.

"சாமிக்கு வச்சதுங்க" என்றேன்.

"சாமி புடிச்சிக்கிச்சு, வுடமாட்டேங்குது" என்று சிரித்தபடி பட்டனை நெம்பி எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டினார். பட்டன் டிக்கென்று மேலே வந்தது. எனக்கு மனம் ஆறவில்லை. மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். க்ரூஸ் கண்ட்ரோலின் ஃபியூஸையும் பிடுங்கச் சொன்னேன். "இனிமே அதுக்கு உசுரே இல்லக்கா" என்று என்னிடம் கொடுத்தார். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடினேன்.

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். பச்சை விளக்கு எரியவில்லை. அதே பாலம், அதே அறுபது. பாதத்துக்கு அடியில் பெடல் ஒரு விரல்கடை நழுவியது. பின்சீட்டிலிருந்து என் கால் தெரியாது. ஆனாலும் நிலா சொன்னாள்: "மாமா வந்துட்டாரு."

பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது.

"பாலத்து ஏத்தம்கா, நீங்களே அழுத்திருப்பீங்க" என்றார் தனசேகர், தண்ணீரைப் பார்த்தபடி. தாம்பரத்தில் இறங்கிக்கொண்டார். கூலி முந்நூற்றைம்பது.

நானே அழுத்தியிருக்கலாம். பயந்த கால் எதையும் செய்யும். கணவரும் போனில் அதையேதான் சொன்னார். இப்போது நாங்கள் பஸ்ஸில் போகிறோம். தூங்கி விழும் குழந்தையோடு மூன்று பஸ் மாற வேண்டும். கார் வாசலில் நிற்கிறது. நிலா தினமும் அதற்கு டாட்டா காட்டுகிறாள்.

பழைய கார் வைத்திருப்பவர்களே, ஃபியூஸ் இல்லாமலும் பெடல் இறங்க வழி உண்டா? உண்டென்றால் தயவுசெய்து எழுதுங்கள். இல்லையென்றாலும் எழுதுங்கள், என் குழந்தையை அதில் ஏற்றலாமா என்று.