எல்லை தாண்டி நிறுத்திய பஸ்

திங்கட்கிழமை காலை, தகுதிச் சான்றுக்கு வண்டி கொண்டுவந்த டிரைவர் ஒருவர் எங்கள் போக்குவரத்து அலுவலகத்தில் என் ஜன்னலருகே வந்து, "நம்ம பழைய இன்ஸ்பெக்டர் தவறிட்டாருங்க" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. காரைக்காலில் பழைய இன்ஸ்பெக்டர் என்றால், ஓட லாயக்கில்லாத வண்டிகளைச் சாலையை விட்டு இறக்கிய தைரியநாதன் அவர்கள்தான். அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எழுந்து வாசலுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் எங்கள் அலுவலகத்துக்கு மோட்டார் வாகன ஆய்வாளராக வந்தார். நான் அங்கே எழுத்தர். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவே இல்லை. சாக்கை விரித்து ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். சாப்பிடும்போது சாலையில் போகும் லாரியின் சத்தம் பிசகினாலும் சோற்றில் கை நின்றுவிடும்.

சில ஆண்டுகள் கழித்து மண்டபத்தூருக்கு ஓடிய தனியார் பஸ்ஸை நிறுத்தினார். அதன் பிரேக் ஒரு நேரம் பிடித்தது, ஒரு நேரம் பிடிக்கவில்லை. தகுதிச் சான்றை ரத்து செய்தார். மறுநாளே மீன்கார அம்மாள் ஒருவர் கூடையோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"பஸ்ஸ நிறுத்திப்புட்டீங்க. இந்தக் கூடைய இனிமே யாருங்க தூக்கியாறது?"

"நீங்க கேக்குறது நியாயந்தாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அன்றே நிரவிக்கும் திருநள்ளாற்றுக்கும் அலைந்து, வண்டி வைத்திருந்தவர்களிடம் பேசி, மாற்று வேனுக்கு வழி செய்துவிட்டுத்தான் திரும்பினார்.

அதற்குள் பஸ் முதலாளி வேறு வழி பார்த்துவிட்டார். நம் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது, கொஞ்ச தூரம் போனாலே தமிழ்நாடு. அங்கே எங்கள் இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் கிடையாது. பஸ்ஸை அங்கே கொண்டுபோய்க் கல்யாண வாடகைக்கு விட்டிருந்தார். கேள்விப்பட்டதும் இவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

"சார், அது நம்ம எல்லை இல்லீங்களே" என்றேன்.

"தெரியும். நீங்க வர்றீங்களா, இல்லியா?"

எல்லை தாண்டி, சாத்தியிருந்த ரயில்வே கேட்டில் பஸ்ஸைப் பிடித்தோம். உள்ளே மாப்பிள்ளை வீட்டார் நிறைந்திருந்தார்கள். இவர் படியில் ஏறி நின்று பேசினார்.

"இங்க நான் ஆபீசர் இல்லீங்க. இந்த பஸ்ஸுல பிரேக் சரியில்ல. அத உங்கள்ட்ட சொல்லத்தான் வந்தேன்."

"நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்புடியா பேசுறது?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

இவர் டிரைவர் பஷீரைப் பார்த்தார். "பஷீரு, நான் சொல்றது தப்புன்னா சொல்லுங்க. இறங்கிப் போயிடுறேன்."

கேட் திறந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பஷீர் சாவியை உருவிக்கொண்டு கீழே இறங்கினார். "அவரு சொல்றது நெசந்தாங்க. என்னால ஓட்ட முடியாது."

கல்யாணக் கூட்டம் எங்களைத் திட்டிக்கொண்டே இறங்கி, ஒரு லாரியை மறித்து ஏறிப்போனது. பஷீருக்கு வேலை போயிற்று. எல்லை மீறியதற்கு மேலிடம் இவரிடம் விளக்கம் கேட்டது. பிறகு ஆந்திரப் பக்கம் தொலைவில் இருக்கும் ஏனாமுக்கு மாற்றியது. அந்த பஸ் அப்புறம் ஓடவில்லை, காயலான் கடைக்குப் போய்விட்டது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் அந்த நாள் அவரை விடவில்லை. கடைத்தெருவில் பார்த்தபோது, பேச்சின் நடுவே திடீரென்று கேட்டார்: "அந்த பஸ்ஸு ஒருவேளை ஒழுங்காப் போய்ச் சேந்திருக்குமோ? பஷீரு பொழப்ப நான் கெடுத்துட்டேனோ?"

நடக்காமல் போன விபத்துக்கு நான் எங்கே சாட்சி தேடுவேன்? "நீங்க செஞ்சது சரிங்க சார்" என்றேன். அது அவருக்குப் போதவில்லை. கையிலிருந்த பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே போனார்.

நேற்று மாலை அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனோம். தெரு குறுகல், பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரன் அடிக்காமல் எங்களோடு ஊர்ந்து வந்தது. ஜன்னல் வழியே ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, "யாருங்க?" என்று கேட்டார். "தெரியலீங்க" என்றார் கண்டக்டர். திருப்பம் வந்ததும் நாங்கள் ஒதுங்கி வழி விட்டோம். பஸ் நிறைய ஆட்களோடு எங்களைக் கடந்து போனது.

அவர்கள் உங்களை அறியாமலே வீடு போய்ச் சேரட்டும். போய் வாருங்கள், சார்.